பதினோரு பாகை

நான்கு பேரும் சேர்ந்து வந்தால்தான் வந்ததாகக் கணக்கு.
விதிமுறைத் தாளில் மூன்றாவது வரி.
முதலில் வருகிற காலுக்கு மதிப்பில்லை.
கடைசிக் கால் கோட்டைத் தொட்டால்தான்
கடிகாரம் நிற்கும்.

சிலிம் ரிவர் தமிழ்ப்பள்ளித் திடல், காலை ஏழு.
கோல் கம்பத்தில் இன்னும் பனி சொட்டுகிறது.
முப்பத்து நான்கு குழுக்கள்,
இருபத்தாறு கிலோமீட்டர், இருபத்திரண்டு கொடிகள்,
எட்டு மணி நேரம்.
எங்கள் குழுவுக்குப் பெயர் 'சம்பளத்துக்கு மறுநாள்'.
வைத்தவன் இளங்கீரன். எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன்,
எதற்கும் பொறுக்காதவன்.
முழங்காலில் பட்டைக்கட்டோடு நேசமலர்.
அடி எண்ண ஆ கியோங்.
திசைகாட்டி என் கையில்.

ஆ கியோங் எண்ணுவது இப்படி:
நூறு அடிக்கு ஒரு கூழாங்கல்
வலது பையிலிருந்து இடது பைக்கு மாறும்.
பேசமாட்டார். பேசினால் எண் தப்பிவிடும்.
ஹார்ட்வேர் கடையில் முப்பது வருடம்
ஆணி எண்ணிக் கொடுத்த கை.

முதல் ஒன்பது கொடிகளும் காட்டுக்குள்.
காடு எளிது.
அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது:
விழுந்து கிடக்கும் மெராந்தி,
இரண்டாய்ப் பிரிகிற ஓடை,
பாறைமேல் ஏறி உட்கார்ந்த பாறை.
வரைபடத்தில் கோடுகள் நெருங்கினால் மூச்சு வாங்கும்,
விலகினால் திரும்பி வரும்.
அட்டைகளைப் பிடுங்க நேரமில்லை.
"குடிச்சு முடிச்சா தானா விழும்" என்றாள் நேசமலர்,
கூட்டு கட்டுகிறவள் கடன்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

பத்தாவது கொடி செம்பனைக்குள்.
வரைபடம் அதை ரப்பர் என்றது. பழைய வரைபடம்.
மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர்.
எந்த மரத்தடியில் நின்றாலும் ஆறு சந்து திறக்கும்,
ஆறும் ஒரே சந்து.
நாற்பத்தேழு என்று எழுதிய ஆந்தைப் பெட்டியைக் கடந்தோம்.
பதினைந்து நிமிடம் கழித்து
நாற்பத்தேழு.

குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துக்காரரைக் கேட்டோம்.
கழியை மண்ணில் ஊன்றிச் சிரித்தார்.
"சினி செமுவா சாமா."
இங்கே எல்லாம் ஒண்ணுதான்.

இளங்கீரன் கத்தியது ஆ கியோங்கைப் பார்த்து.
"எண்ணத் தெரியலன்னா சொல்லித் தொலைங்க!"
அவர் இரண்டு பைகளையும் காய்ந்த மட்டையில் கொட்டி
கற்களைப் பார்த்தார்.
"என் அடி சின்னதா போச்சு போல" என்றார், தமிழில்.
"வயசு."

அப்போது நான் தண்ணீர் குடிக்கக் குனிந்தேன்.
கையிலிருந்த முள்
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தது.

புதுப் பை. ஈப்போவில் வாங்கியது.
மார்புப் பட்டையில் காந்தப் பூட்டு.
திசைகாட்டியை நெஞ்சோடு வைத்தேன், நீட்டிப் பிடித்தேன்.
மறுபடி நெஞ்சோடு.
பதினோரு பாகை.
ஒரு கிலோமீட்டருக்கு நூற்றுத் தொண்ணூறு மீட்டர் தப்பு.
இரண்டு மணி நேரமாக
என் நெஞ்சைத்தான் வடக்கு என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொல்லியிருக்கலாம்.
"தோள் வலிக்குது" என்று சொல்லி
பையைக் கழற்றி முதுகுப் பக்கம் ஒற்றைத் தோளில் மாட்டினேன்.
அடுத்த கொடி நேராக வந்தது. அதற்கடுத்ததும்.
"பாத்தீங்களா, திட்டுனா சரியா எண்றாரு" என்றான் இளங்கீரன்.
ஆ கியோங் தலையசைத்தார். எண் வாயில் இருந்தது.

ஏழு மணி ஐம்பத்தொரு நிமிடம்.
மூன்று கொடி குறைவு. இருபத்தொன்பதாவது இடம்.
கடைசி முந்நூறு மீட்டர்
நேசமலரின் இரண்டு கைகளும் இரண்டு தோள்களில்;
ஒன்று இளங்கீரனுடையது, ஒன்று என்னுடையது.
எங்கள் பைகளையும் சுமந்து பக்கத்தில் ஆ கியோங்.
நான்கு பேரும் ஒன்றாகத்தான் கோட்டை மிதித்தோம்.

கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார், நால்வருக்கும்.
பிறகு சட்டையிலிருந்து போட்டி எண்ணைக் கழற்றினார்.
என் பை மடியில் இருந்தது.
ஊக்கு அவர் விரலைவிட்டுத் துள்ளி
டிக்கென்று பூட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.
ஊக்கைப் பிடுங்கி
மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
பையை என்னிடம் கொடுத்துவிட்டு
திடலோர வாய்க்காலுக்குப் போய்
கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்,
உதடு அசைய.